விசேஷம் ஏதாவது உண்டா?

குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை

தீபா, 10:02
கல்யாண மண்டபத்தில் எடுத்ததில் 32 படங்கள் அனுப்பியிருக்கிறேன். மிச்சம் இரவுக்குள் வரும்.

சரஸ்வதி சித்தி, 10:05
வேற லெவல் தீபா!

கார்த்திக், 10:06
வேற லெவல்

செந்தில் அண்ணன், 10:09
வேற லெவல் வேற லெவல்

சண்முகம் பெரியப்பா, 10:17
தீபா, ஏழாவது படத்தை இரண்டு முறை பார்த்தேன். ராஜி தாம்பாளத்தைக் கையில் பிடித்தபடி கண்ணைத் துடைக்கிறாள். அவளுக்குப் பின்னால் நாதஸ்வரக்காரர் தலையைக் குனிந்து சீவாளியைச் சரிசெய்கிறார். இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்துவிட்டாய். இதைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். எல்லாரும் அதே இரண்டு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

தீபா, 10:19
பெரியப்பா! அந்தப் படத்துக்காக நான் கால் மணி நேரம் தூணோரம் நின்றேன். ஆனால் வேற லெவல் என்பதும் பாராட்டுத்தானே? எங்கள் கல்லூரியில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வோம்.

சண்முகம் பெரியப்பா, 10:26
எல்லாவற்றுக்கும் சொல்வதுதான் எனக்கு வருத்தம். முதலில் சொன்னவர் வாயில் அது நல்ல சொல்லாகத்தான் இருந்திருக்கும். பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள், குழூஉக்குறி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பட்டறைக்குள் இருக்கும்வரை அந்தச் சொல்லுக்கு ஒரு கூர் உண்டு. உங்கள் சொல் பட்டறையை விட்டு வெளியே வந்து பிரியாணிக்கும், புது மேம்பாலத்துக்கும், பேத்தி பிறந்த செய்திக்கும் ஒன்றுபோலப் போய் நிற்கிறது. ஒரே சொல்லை அடுக்கிச் சொல்வதற்குக்கூட நன்னூல் இரண்டு, மூன்று, நான்கு என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. பாம்பு பாம்பு என்று பதறலாம், வருக வருக வருக என்று மகிழலாம். நான்குக்கு மேல் இடமில்லை.

செந்தில் அண்ணன், 10:34
அப்பா சொல்வது சரி. எங்கள் பத்திரிகை மேசையில் தினமும் இரவு நான் வெட்டி எறிவது ஒன்று உண்டு: 'இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.' மாடு கிணற்றில் விழுந்தாலும் பரபரப்பு, கடை தீப்பிடித்தாலும் பரபரப்பு. ஒன்பது மணிக்கு ஊரிலிருந்து செய்தி வரும், பக்கம் முடிக்க நேரமிருக்காது, பழகின வரி தானாக வந்து உட்கார்ந்துவிடும். 'கூறப்படுகிறது' என்பதை மட்டும் தொட மாட்டேன். வழக்கு முடியாமல் ஒருவரைத் திருடன் என்று எழுதக் கூடாது, அதற்காக இருக்கிற சொல் அது. படிப்பவர்களுக்கு அலுப்பாக இருந்தாலும் இருக்கட்டும்.

சரஸ்வதி சித்தி, 10:41
நானும் ஒன்று சொல்லட்டுமா? 'சும்மா.' நேற்றுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என்னைக் காட்டி, இவங்க என்ன பண்றாங்க என்று கேட்டார். 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்று உங்கள் சித்தப்பா சொன்னார். 27 வருடமாக ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, எனக்குத் தெரியும். வாயில் வருகிறது, சொல்லிவிடுகிறார். இன்று காலையில் இட்லித் தட்டை எடுக்கும்போது அது மறுபடி காதில் விழுந்தது.

தீபா, 10:43
சித்தி!

பிரியா, 10:58
சித்தி சொன்ன பிறகு எனக்கும் தைரியம் வருகிறது. ரயில் இப்போதுதான் சாத்தூர் தாண்டியிருக்கிறது, பேச நேரம் இருக்கிறது.

இரண்டு நாளில் என்னிடம் 14 பேர் கேட்டார்கள், 'விசேஷம் ஏதாவது உண்டா?' எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, ஐந்தாவது ஆளுக்கு மேல் எண்ணிக்கை தானாக ஓடியது. சந்தனம் கொடுக்கும் இடத்தில் ஒருவர், மொய் எழுதும் மேசையில் ஒருவர், பாயசம் ஊற்றுகிறவர்கூட ஒருவர். முதலில் வயிற்றைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் முகத்தை. இருந்தால் நானே சொல்ல மாட்டேனா? இல்லை என்றால், அந்த 'இல்லை'யை இரண்டே நாளில் இத்தனை தடவை சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

யாரையும் குறை சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. நேற்று ராத்திரி தூங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கார்த்திக், 11:03
பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், இதை இப்போது குழுவில் படித்துத்தான் எனக்கே தெரிகிறது. என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வேலை எப்படிப் போகிறது, வண்டி மாற்றிவிட்டாயா, இவ்வளவுதான்.

சண்முகம் பெரியப்பா, 11:10
பிரியா, நீ எழுதியது நல்லது. இது இடக்கரடக்கலாக வந்த சொல். நாலு பேர் நடுவே வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. மறைப்பதற்காக வைத்த சொல்லை இப்போது திறந்து பார்க்க வைத்திருக்கிறார்கள்.

பிரியா, 11:18
மாமா, திருவனந்தபுரத்துக்குப் புதிதாகப் போனபோது எதிர்வீட்டு அம்மா தினமும் வாசலில் பார்த்து 'எந்தா விசேஷம்?' என்பார். முதல் வாரம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவரும் ஆரம்பித்துவிட்டாரா என்று கதவைச் சாத்திக்கொள்வேன். அப்புறம்தான் தெரிந்தது, மலையாளத்தில் அது 'என்ன சேதி?' என்பதுதான். இப்போது அவர் கேட்டால் மீன் விலையிலிருந்து மழை வரைக்கும் சொல்வேன். அதே சொல்தான். ஆனால் அங்கே அதற்கு ஆயிரம் பதில் இருக்கிறது, இங்கே இரண்டே பதில்.

எனக்கு விசேஷம் இருந்தது. பங்குனியில் ஆய்வகத்தில் என் வேலை நிரந்தரமானது. மூன்று வருடம் ஒப்பந்தத்தில் இருந்தேன். நேற்று யாராவது கேட்டால் சொல்லலாம் என்று வாயில் வைத்திருந்தேன்.

தீபா, 11:20
அண்ணி, இது எனக்குக்கூடத் தெரியாதே!

சரஸ்வதி சித்தி, 11:22
வாழ்த்துகள் பிரியா. நானும் கேட்கவில்லை, மன்னித்துக்கொள்.

ராஜி அத்தை, 11:47
எல்லாவற்றையும் படித்தேன். கண்ணாடி இல்லாமல் ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை. அந்த 14 பேரில் நானும் ஒருத்தி. கை கழுவும் இடத்தில் கேட்டேன். நீ 'இல்லை அத்தை' என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடாமல் போய்விட்டாய். நான்தான் மூடினேன். தண்ணீரை வீணாக்குகிறாளே என்றுதான் அப்போது தோன்றியது.

பிரியா, 11:49
அத்தை, உங்களை மனதில் வைத்து எழுதவில்லை.

ராஜி அத்தை, 12:09
வைத்தே எழுதியிருந்தாலும் தப்பில்லை. நான் சொல்வதைக் கேள். எனக்குக் கல்யாணமாகி ஏழாவது வருடம்தான் மூத்தவன் பிறந்தான். எங்கள் காலத்தில் அதைக் கேட்க எத்தனை சொல் இருந்தது தெரியுமா? முழுகாமல் இருக்கிறாளா, நாள் தள்ளிப் போயிருக்கிறதா, உண்டாகியிருக்கிறாளா, மாசமாக இருக்கிறாளா. வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று யாரையாவது சொன்னால் எனக்குக் கேட்கவே ஆசையாக இருக்கும், அவ்வளவு அழகான பேச்சு. என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை. என்னிடம் வந்தது கேள்வி மட்டும்தான். ஏழு வருடம். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருவதையே ஒரு வருடம் நிறுத்தினேன். வைகையில் தண்ணீர் பார்க்கப் போனால்கூடப் படித்துறையில் யாராவது நின்று கேட்பார்கள்.

மூத்தவன் பிறந்த அன்றைக்கு நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் பிரியா. அவ்வளவு சுத்தமாக மறந்துவிட்டேன். அடுத்த வருடமே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நானே கேட்டிருக்கிறேன். இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்போடுதான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? இல்லை என்று சொன்ன ஒருத்தியின் கையைக்கூட ஒருநாளும் பிடித்ததில்லை.

சரஸ்வதி சித்தி, 12:14
அக்கா, அழ வைத்துவிட்டீர்கள்.

செந்தில் அண்ணன், 12:21
அத்தை, 'சாப்பிட்டாயா?' என்பதையும் நீங்கள் தினம் பத்துப் பேரிடம் கேட்கிறீர்கள். தேய்ந்த கேள்விதான். இதுவரை எங்களில் யாருக்கும் அது எரிச்சலாக இருந்ததில்லை. இல்லை என்று சொன்னால் தட்டு வந்துவிடும் என்று தெரியும்.

சண்முகம் பெரியப்பா, 12:25
சரியாகச் சொன்னாய். தேய்மானத்தைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பாதி விட்டுப்போயிருந்தது. ஏழாவது படம் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜி எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவே இல்லை.

ராஜி அத்தை, 12:29
தாம்பாளத்தில் இருந்தது அம்மாவின் மஞ்சள் கிண்ணம் அண்ணே. அடையாளம் தெரியவில்லையா?

சண்முகம் பெரியப்பா, 12:31
படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

சண்முகம் பெரியப்பா, 12:34
தெரிகிறது. விளிம்பில் அந்த நசுங்கல்.

ராஜி அத்தை, 12:52
பிரியா, கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டாயா?

பிரியா, 12:55
நெல்லையிலேயே பிரித்துவிட்டோம் அத்தை. வாழையிலை மணத்துக்கு எதிர்சீட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்தார், அவருக்கும் ஒரு கை கொடுத்தேன்.

ராஜி அத்தை, 12:57
நல்லது. அந்த வேலை நிரந்தரமான கதையை எனக்குச் சொல். யார் வந்து சொன்னார்கள், தாளில் என்ன போட்டிருந்தது, நீ அன்றைக்கு என்ன சமைத்தாய், முதலிலிருந்து எல்லாம் வேண்டும். எழுதாதே, கூப்பிடு.

பிரியா, 13:04
ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்துவிட்டோம் அத்தை, சன்னல் முழுக்கக் காற்றாலை. சிக்னல் விட்டு விட்டு வருகிறது. நாகர்கோவிலில் வண்டி நின்றதும் கூப்பிடுகிறேன்.

ராஜி அத்தை, 13:05
போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.