கொடைக்கானல் ஏரிப் பாய்மரப் படகு: பித்தளையை மாற்றுவதா, துளையைச் சரிசெய்வதா?

ஏரிக்கரை:
14 அடி மரப் படகு. பலகை தேக்கு, மேல்தளம் ப்ளைவுட். சுக்கானின் இரண்டு பித்தளைக் கீல்களும் ஆடுகின்றன. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் தகட்டடியில் மழைநீர் இறங்குகிறது. கயிறு கட்டும் கிளீட்டின் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றுகிறது. எல்லாவற்றையும் 316 ரக எஸ்.எஸ்.ஸுக்கு (துருப்பிடிக்காத எஃகு) மாற்றினால் தீரும் என்கிறேன். மறுப்பு உண்டா?

உளிமுனை:
தீராதுண்ணே. 316ல மாலிப்டினம் சேர்க்கிறதே உப்புத்தண்ணிக்காகத்தான். இது 1863ல ஓடையை மறிச்சுக் கட்டின நன்னீர் ஏரி, 304 ரகமே தாராளமா போதும். கடலோரத்துல முதல்ல உலோகம் போகும், இங்க முதல்ல மரம் போகும். உப்பு ஊறின பலகையில பூஞ்சை லேசுல பிடிக்காது, மழைத்தண்ணி ஊறினதுல பிடிச்சுக்கும். ஸ்க்ரூ சுத்துதுன்னா சுத்தியிருக்க மரம் இத்துப்போச்சு. அதே ஓட்டையில தங்கத்துல ஸ்க்ரூ போட்டாலும் நிக்காது.

ஏரிக்கரை:
மலைக்குளிரில் பூஞ்சை மெதுவாகத்தான் வளரும். பித்தளையில் துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு பஞ்சுபோல மிஞ்சும். அந்த ஸ்க்ரூ தலை திருப்புளிக்கே உடையும். அதை விட்டுவைக்கச் சொல்கிறீர்களா?

உளிமுனை:
ஸ்க்ரூவை மாத்துங்க, அதுல சண்டையே இல்ல. ஆனா கீல் கெட்டி வார்ப்பு. அரத்தால ஒரு கீறு கீறிப் பாருங்க. மஞ்சளா மின்னினா நல்ல உலோகம். இளஞ்சிவப்பா பொடிஞ்சா தூக்கிப்போடுங்க. நல்லா இருந்தா தேஞ்சிருக்கது முளையும் ஓட்டையும் மட்டும்தான். லேத்துல ஓட்டையை அகலமாக்கி உள்ள புஷ் (உலோகக் குழல்) அடிச்சா ஆட்டம் நின்னுரும்.

குளிர்ல மெதுவா வளரும்கிறது சரி. ஆனா மரத்துல ஈரம் 20 சதவீதம் தாண்டினாலே அதுக்குப் போதும். ஐப்பசியில நனைஞ்ச தளம், மூடுபனியில தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தா தை வரைக்கும் காயாது. கூர்மையான தமரால (துளைபோடுற ஊசி) குத்தி நெம்புங்க. நீள நாரா சிம்பு கிளம்பினா நல்ல மரம். பிஸ்கட் மாதிரி குறுக்கே ஒடிஞ்சா போச்சு.

ஏரிக்கரை:
சரி, கிளீட் துளையை எப்படி அடைப்பது? தீக்குச்சியும் வெள்ளைப் பசையும் போதாதா?

உளிமுனை:
சாதாரண வெள்ளைப் பசை ஈரத்துல இளகிரும். 6 மி.மீ. போல்ட்டுக்கு ஓட்டையை 12 மி.மீ.க்குப் பெருசாக்குங்க. கறுத்த மரம் முழுக்க வெளிய வரணும், அதுக்கப்புறம் நல்லாக் காயணும். அடியில டேப் ஒட்டி, முதல்ல பொடி கலக்காத எபாக்சியை (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தா இறுகுற பசை) ஊத்துங்க. வெட்டுமுகம் அதைக் குடிக்கும். இறங்க இறங்க ஊத்தணும். பிறகுதான் பொடி கலந்து கெட்டியாக்கினதை நிரப்பணும். இறுகினதும் நடுவுல 6 மி.மீ. துளை. இனி தண்ணி கசிஞ்சாலும் எபாக்சியைத்தான் தொடும், ப்ளை விளிம்பைத் தொடாது.

மதுரைப் பட்டறை:
நடுவில் வருகிறேன். சமவெளிக் கணக்கு மலையில் செல்லாது. 10 டிகிரிக்குக் கீழே சாதாரண ஹார்ட்னர் பிசுபிசுவென்றே நிற்கும். அவசரப்பட்டு ஹார்ட்னரைக் கூட்டினால் வேகமாக இறுகாது, அளவு கெட்டு எப்போதும் மென்மையாகவே இருக்கும். மாசி, பங்குனி வெயிலில் செய்யுங்கள். இரவில் பக்கத்தில் குண்டு பல்பு எரியட்டும். ஈரக்காற்றில் மேலே மெழுகுபோலப் படியும். அதைத் தண்ணீரால் கழுவிய பிறகே உப்புத்தாள். தேய்த்துவிட்டுக் கழுவினால் அது உள்ளே அழுந்தி, அடுத்த பூச்சு உரியும்.

ஒன்றில் உளிமுனையோடு உடன்படமாட்டேன். கம்பித் தகடு இருக்கும் இடத்தில் கெட்டது கையகலம் என்றால் எபாக்சியைக் கொட்டாதீர்கள். பாயின் இழுவை முழுக்க அங்கேதான். வெட்டியெடுத்து, அதே நார்த்திசையில் தேக்குத் துண்டைச் சாய்வாக இணையுங்கள்.

உளிமுனை:
கையகலம்னா நானும் அதைத்தான் சொல்வேன். விரல் அகலத்துக்கு வெட்டுனா நல்ல மரம்தான் வீணாகும்.

ஏரிக்கரை:
கசிவுக்கு சிலிக்கான்?

மதுரைப் பட்டறை:
வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டே ஒட்டாது. பியூட்டைல் டேப் (இறுகாமல் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை) போடுங்கள். மேல்துளையின் வாயைக் கொஞ்சம் சரித்துக் குடைந்தால் டேப் அங்கே வளையமாக உட்காரும். போல்ட்டைத் திருகாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு அடியில் நட்டை மட்டும் திருகுங்கள், இல்லையென்றால் டேப் அறுந்துவிடும். ஒரே மூச்சிலும் வேண்டாம்: குளிரில் டேப் மெதுவாகத்தான் பிதுங்கும், மறுநாள் அரைச்சுற்று, அதற்கடுத்த நாள் இன்னும் அரைச்சுற்று. அடியில் சின்ன வாஷருக்குப் பதில் 3 மி.மீ. தகடு.

ஏரிக்கரை:
அந்தத் தகடு மட்டுமாவது எஸ்.எஸ். இருக்கட்டும்.

உளிமுனை:
இருக்கட்டும்ணே, 304. போல்ட் மரையில துளி கிரீஸ் வைங்க, இல்லாட்டி எஸ்.எஸ். நட்டு எஸ்.எஸ். போல்ட்டுலயே கடிச்சுக்கிட்டு அறுத்தாத்தான் வரும்.