பர்மாவிலிருந்து வராதவர் வீட்டில் நடப்பது யார்?

பள்ளத்தூரான்: கானாடுகாத்தான் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு. போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து நடந்து வரும் வழியில் செத்துப்போன செட்டியார் இன்னும் வீடு வந்து சேரவில்லை, ராத்திரியில் நடக்கிறார் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் நம்பாமல்தான் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் படுத்தேன். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிக் காலடிச் சத்தம் கேட்டது. மூன்று தடவை. எழுந்து பார்த்தேன், யாரும் இல்லை.

செக்காலை: அண்ணே, எங்களுடையது தச்சுக் குடும்பம். பகல் வெயிலில் காய்ந்த தேக்கு உத்தரம் ராத்திரி ஆறும்போது 'டக்', 'டக்' என்று சத்தம் போடும். மேலே வௌவால் வேறு. இதைப் பேய் என்று ஊர் பேசினால் என்ன ஆகும் தெரியுமா? காவலுக்கு ஆள் வராது. ஆள் இல்லாத வீட்டில் நிலைக்கதவு தங்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் போய்ப் பாருங்கள். எத்தனை வீட்டுத் தூண்கள்! எனக்கு வயிறு எரிகிறது.

கோட்டையூர் பேத்தி: சத்தம் மரத்தினுடையதாகவே இருக்கட்டும். கதை பொய்யில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான், 1942 மார்ச்சில் ஊரே அவன் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைக்காத நம் ஆட்கள் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். எங்கள் ஐயாவின் அண்ணனும் வரவில்லை. உடலும் இல்லை, சேதியும் இல்லை. அவர் சம்சாரம் கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை, ராத்திரியில் முகப்புக் கதவைத் தாழிட விட்டதும் இல்லை.

செக்காலை: அது துக்கம், ஆச்சி. பேய் இல்லை.

பள்ளத்தூரான்: நான் கேட்டதை நான் கேட்டேன் தம்பி. பயமுறுத்துகிற சத்தமாக அது இல்லை, களைத்த நடை. மரம் அப்படி நடக்குமா?

கோட்டையூர் பேத்தி: தேதி தெரியாததால் அவருக்குத் திதி கொடுக்கவே முடியவில்லை. பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடுகிற வீட்டுப் படைப்பில் மட்டும் அவர் பேரையும் சொல்லி வேட்டி வைத்துக் கும்பிடுகிறோம். நீங்கள் தங்கிய வீட்டில் படைப்பு நின்று எத்தனை வருஷம் ஆகிறது என்று பங்காளிகளைக் கேளுங்கள் அண்ணே.

பள்ளத்தூரான்: கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில்.

செக்காலை: படைப்புக்குக் கூடினால் எனக்கும் சொல்லுங்கள். பேயை ஒத்துக்கொண்டு வரவில்லை, உத்தரத்தைப் பார்க்க வருகிறேன். உடைந்த ஓடுகளையும் ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம்.