ஹெராயின் பழக்கம்: மூளையை மட்டும் பார்த்தால் போதுமா?

குமரன்:
போதைப்பழக்கம் என்றாலே குடும்பம், சமூகம், தனிமை என்று நீட்டி முழக்குகிறார்கள். ஹெராயின் மூளையிலுள்ள ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது அபின் வகைப் பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களை, தூண்டுகிறது. அவற்றை 1973இலேயே ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள். அளவு மீறி மூச்சுத் திணறுபவருக்கு நலாக்சோன் என்ற முறிவு மருந்தைக் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. அதற்கு அவருடைய வாழ்க்கைக் கதை தேவையில்லை.

மலர்விழி:
உயிர் பிழைக்கிறார், சரி. பழக்கம் போகிறதா? 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதமே. அதே மூளை, அதே ஏற்பிகள்!

குமரன்:
அங்கே கலப்படம் குறைந்த சரக்கு கொள்ளை மலிவு, புகைத்தாலே போதும். ஊரில் விலையும் அதிகம், ஊசியும் வேண்டும். போதாததற்கு, போதைக்கான சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால்தான் ஊர் திரும்ப விமானம்.

மலர்விழி:
விலை, ஊசி, பரிசோதனை: இவையெல்லாம் மூளைக்குள்ளா இருக்கின்றன? என் வாதத்தை நீங்களே எழுதித் தருகிறீர்கள்.

பாலா:
இடையில் ஒன்று. 1982இல் ஷெப்பர்ட் சீகல் குழுவினர் ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவொன்றைச் செலுத்தினார்கள். வழக்கமாக ஹெராயின் பெற்றுப் பழகிய அறையில் 32 சதவீதம் செத்தன, புதிய இடத்தில் 64 சதவீதம். மருந்தும் அளவும் ஒன்றே. ஏற்பியை மட்டும் வைத்து இதை விளக்குங்களேன்.

குமரன்:
சீகலை அந்தப் பக்கம் சேர்க்காதீர்கள். அது அப்பட்டமான பாவ்லோவ்: மணியோசை கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறிய அதே கதை. பழகிய அறையைக் கண்டதும் உடல் மருந்துக்கு எதிரான மாற்றங்களை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. புதிய இடத்தில் அந்தக் காப்பு இல்லை. சூழல் வேலை செய்வதே நரம்பு வழியாகத்தான்.

மலர்விழி:
நரம்பை யார் மறுத்தார்? எந்த இடம் எதைத் தூண்டும் என்பது அவரவர் வாழ்ந்த விதத்தைப் பொறுத்தது. சிகிச்சை முடிந்து பழைய தெருவுக்கே திரும்புகிறவருக்கு என்ன செய்வீர்கள்?

குமரன்:
ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் மெதடோன் மருந்தைக் கொடுப்பேன். மருத்துவர்கள் டோலும் நைஸ்வாண்டரும் நியூயார்க்கில் செய்ததைத்தான். 1965இல் அறிக்கையும் வந்துவிட்டது.

மலர்விழி:
அந்த அறிக்கையை முழுதாகப் படியுங்கள். அதில் வரும் 22 நோயாளிகளுக்கு மெதடோனோடு மறுவாழ்வுத் திட்டமும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்?