பன்னிரண்டு வயதுப் பூனைக்கு நீரிழிவு: ஊசி போடுவது எப்படி?

கேள்வி (திருநகர், மதுரை):
எங்கள் பூனை நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. மருத்துவர் நீரிழிவு என்று உறுதி செய்து, நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின் எழுதித் தந்திருக்கிறார். ஊசியை எடுத்தாலே கை நடுங்குகிறது. தயிர்சாதம் தின்றே பழகியதற்கு இனி என்ன கொடுப்பது?

பதில் (செல்லூர்):
அஞ்சாதீர்கள் அம்மா. அது தின்றுகொண்டிருக்கும்போதே, தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்துப் போட்டால், எங்கள் கிழட்டுப் பூனை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போடுங்கள். நம் மருந்துக்கடைகளில் 40, 100 (ஒரு மில்லி மருந்தில் உள்ள இன்சுலின் அலகுகள்) என இருவகைச் சிரிஞ்சுகளும் கிடைப்பதால், குப்பியில் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். 100 அலகு மருந்தை 40 அலகுச் சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும், அது உயிருக்கே ஆபத்து.

பதில் (மேலூர்):
சோற்றைக் குறைத்து, மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவுக்கு மாற்றலாம். ஆனால் உணவு மாறினால் இன்சுலின் தேவையும் குறையக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மெதுவாக மாற்றுங்கள். தின்ன மறுத்தால், அவரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். தள்ளாடினாலோ துவண்டாலோ சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம்; ஈறில் சிறிது தேனைத் தடவி உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலையும் வருகிறது.

கேட்டவர்:
குப்பியைப் பார்த்தேன், 40 என்றுதான் இருக்கிறது. இன்றிரவு நானே போடுகிறேன்.