‘பேட்டர்’, ‘ஜெனிட்டர்’: உரிமைத்தந்தை, கருத்தந்தை?

ஐயா, வணக்கம்.

மானிடவியலில் பிள்ளைக்குத் தந்தை என்று சமூகம் ஏற்பவரைப் ‘பேட்டர்’ (pater) என்றும், கருவுக்குக் காரணமானவராகக் கருதப்படுபவரை ‘ஜெனிட்டர்’ (genitor) என்றும் சொல்வார்கள். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘பேட்டர்’ என்பதற்கு நீங்கள் சொன்ன ‘முறைத்தந்தை’ காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் பொருள் இடறுகிறது. “அவர் எனக்கு அப்பா முறை” என்றால் பெரியப்பா, சித்தப்பா என்றுதானே எடுத்துக்கொள்வோம்? அந்தச் சொல்லை அவர்களுக்கே விட்டுவிடலாம். ‘சமூகத் தந்தை’ மேடையில் கொடுக்கும் பட்டம் போல ஒலிக்கிறது.

எந்தச் சொல்லையும் நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் வழக்கில் உரைத்துப் பார்ப்பது நல்லது. உலகப் பாடநூல்கள் எடுத்துக்காட்டும் சடங்கு நம் நீலகிரியுடையது. ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1901-02இல் இங்கே தங்கி விவரங்களைத் திரட்டி, 1906இல் நூலாக்கினார். அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணந்துவந்த காலம் அது. கருவுற்ற ஏழாம் மாத வாக்கில் மரத்தில் மாடம் குடைந்து விளக்கு வைப்பார்கள். கணவர்களில் ஒருவர் குச்சியில் வில்லும் புல்லில் அம்பும் செய்து மனைவி கையில் கொடுப்பார். கரு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. வில் கொடுத்தவரே தந்தை. அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவரே, இன்னொருவர் வில் கொடுக்கும்வரை. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளைக்கும் அவர்தான் தந்தை என்கிறார் ரிவர்ஸ்.

தோடருக்குத் தாய்வழிக் குலமும் உண்டு என்பதை மொழியியலாளர் எமனோ 1937இல் தெளிவாக்கினார். அது பிறப்பாலேயே வந்துவிடும். தந்தைவழிக் குலத்தில் பிள்ளைக்கு இடம் தருவது வில். ஆகவே ‘பேட்டர்’ என்பவர் உரிமைத்தந்தை.

‘ஜெனிட்டர்’ என்பதற்கு ‘உயிரியல் தந்தை’ வேண்டாம். கருவுக்குக் காரணமானவர் என்று அந்தச் சமூகம் கருதுபவரே ஜெனிட்டர். ஆய்வகம் காட்டுபவர் வேறு ஆளாக இருக்கலாம். மானிடவியலாளர் பார்ன்ஸ் 1961இல் இவ்விருவரையும் பிரித்துக் காட்டினார். முன்னவர் கருத்தந்தை, பின்னவர் மரபணுத்தந்தை என்று வைக்கலாமா?

மறுமொழி:

ஐயா, மூன்றும் எனக்குச் சம்மதம். ‘உரிமைத்தந்தை’யைச் சேர்த்தே எழுத வேண்டும், பிரித்தால் உரிமைகளுக்காகப் போராடிய தலைவர் என்று படிப்பார்கள். சொத்துரிமை என்றும் சுருக்கிவிடுவார்கள். அதனால் விளக்கத்தில் குலம் முதலில் வரட்டும்.

சிக்கல் தாய்ப்பக்கம்தான். ‘கருத்தாய்’ என்றால் வாடகைத்தாய் முறையில் கருமுட்டை தந்தவரா, சுமந்தவரா என்று மயங்கும். சுமந்து பெற்றவரை ஈன்றதாய், முட்டை தந்தவரை மரபணுத்தாய் என்போம். கலைச்சொல் பட்டியலில் பதிவு இப்படி இருக்கலாம்:

உரிமைத்தந்தை: கருவுக்குக் காரணமானவர் எவராயினும், பிள்ளைக்குக் குலமும் அதன்வழி வரும் உரிமைகளும் கிடைக்கக் காரணமாகச் சமூகம் ஏற்கும் தந்தை. எ-டு: தோடரில் வில் கொடுத்தவர்.