ஏற்காட்டில் கணினிக்கு டிஷ் ட்யூனர் கார்டு: ஒற்றை போதுமா, இரட்டை வேண்டுமா?

நாகலூர்_காப்பி:

வணக்கம். ஏற்காடு நாகலூர் பக்கம் வீடு. ஹாலில் ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது: நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. போர்டில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட், இரண்டு சின்ன எக்ஸ்1 ஸ்லாட், ஒரு பழைய வெள்ளை பிசிஐ ஸ்லாட். டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களை இதில் பார்க்கவும் பதியவும் வேண்டும். ஒருவர் ஒரு சேனல் பார்க்கும்போது இன்னொரு சேனல் பதிவாக வேண்டும்.

சேலத்தில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் ஸ்கைஸ்டார் 2 ட்யூனர் கார்டு (டிஷ் சிக்னலைக் கணினிக்குள் வாங்கும் கார்டு) மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா? ஒரே நேரத்தில் இரண்டு சேனல் என்றால் இரட்டை ட்யூனர்தான் வழியா? கட்டணம் கட்டும் டிடிஎச் பாக்ஸின் ஸ்மார்ட் கார்டை இதில் செருகிப் பார்க்க முடியுமா? மொட்டை மாடியிலிருந்து கணினி வரை கேபிள் 30 மீட்டர் வரும். மாடியில் பழைய டிடிஎச் டிஷ் ஒன்று சும்மா கிடக்கிறது.

ஐந்துரோடு_சிக்னல்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. கட்டண டிடிஎச் சிக்னல் பூட்டுப் போட்டுத்தான் வருகிறது. அந்த ஸ்மார்ட் கார்டு அவர்களுடைய பாக்ஸோடு இணைக்கப்பட்டது, கணினி கார்டில் செருகினால் திறக்காது. கார்டு ஷேரிங் என்று யாராவது ஆசை காட்டினால் அது சட்டவிரோதம், அதோடு விட்டுவிடுங்கள். இலவச சேனல்களுக்கு மட்டும்தான் இந்தச் செலவு. தமிழ்ச் சேனல்கள் கொட்டிக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் உண்டு, தூர்தர்ஷனின் மற்றச் சேனல்கள், கல்விச் சேனல்கள், வானொலி உண்டு, மிச்சத்தில் பெரும்பகுதி இந்தி.

ஸ்கைஸ்டார் 2 வேண்டாம். ஒரு காலத்தில் நம்மூரில் பலரிடம் இருந்த நல்ல கார்டுதான். ஆனால் அது டிவிபி-எஸ் என்ற பழைய சாட்டிலைட் ஒளிபரப்பு முறையை மட்டும் அறியும். அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-எஸ்2-இல் வரும் ஸ்ட்ரீம் எதையும் பிடிக்கவே பிடிக்காது, எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் சிப்பிலேயே அந்த வேலை இல்லை. போதாததற்கு அது பழைய பிசிஐ. நாளைக்கு போர்டு மாற்றினால் கார்டும் குப்பைக்குத்தான்.

வாங்க வேண்டியது பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 வடிவில் டிவிபி-எஸ்2 கார்டு. உங்கள் சின்ன ஸ்லாட்டிலேயே உட்காரும். அங்கே இடம் இல்லாதவர்கள் எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் போடலாம். கேஸ் ஒல்லியான வகை என்றால் பாதி உயரப் பட்டை பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில கார்டுகளில் தனியாக மின் இணைப்புப் பின் இருக்கும். அதை எஸ்எம்பிஎஸ்-லிருந்து (கணினியின் பவர் சப்ளை) கொடுக்காவிட்டால் கார்டு கணினியில் தெரியும், எல்என்பி-க்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் சின்னப் பெட்டி) மட்டும் கரண்ட் போகாது. கார்டே பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகும் பலருடைய கோளாறு இதுதான்.

இப்போது ஒற்றையா இரட்டையா. ஒரு ட்யூனர் பிடிப்பது ஒரு சேனலை அல்ல, ஒரு டிரான்ஸ்பாண்டரை, அதாவது ஒரே அலைவெண்ணில் சேர்ந்து வரும் சேனல் கட்டை. ஃப்ரீ டிஷ்ஷில் 11090 மெகாஹெர்ட்ஸ், செங்குத்து அலை, சிம்பல் ரேட் (சிக்னலின் வேகம்) 29500 என்று ஒன்றைப் பிடித்தால் அதற்குள் இருக்கும் அத்தனை சேனலும் ஒரே நேரத்தில் கணினிக்குள் வந்துவிடும். டிவிபி-எஸ், எஃப்இசி (பிழை திருத்த விகிதம்) 3/4 என்றால் அந்தக் குழாயின் அளவு நொடிக்கு சுமார் 40.8 மெகாபிட். அதனால் பார்க்கும் சேனலும் பதியும் சேனலும் ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருந்தால் ஒற்றை ட்யூனரே போதும். வேறு வேறு டிரான்ஸ்பாண்டர் என்றால்தான் இரண்டாவது ட்யூனர் வேண்டும். உங்களுக்கு எப்போதும் பதியப் போகும் நாலைந்து சேனல் எவை, அவை எந்த டிரான்ஸ்பாண்டர் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிலேயே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் டிபிஎஸ் 6902 போல இரட்டை ட்யூனர் கார்டு. அதற்கு இரண்டு கேபிள் இழுக்கச் சொல்வார்கள், நம் விஷயத்தில் தேவையில்லை. எல்என்பி-க்கு 13 வோல்ட் போனால் செங்குத்து, 18 வோல்ட் போனால் கிடை. 22 கிலோஹெர்ட்ஸ் டோன் போனால் மேல் அலைப்பட்டை. ஃப்ரீ டிஷ் முழுக்கச் செங்குத்து, 11700-க்குக் கீழே. ஆக இரண்டு ட்யூனரும் கேட்பது அதே 13 வோல்ட், டோன் இல்லை. சண்டை வராது, ஒரே கேபிளைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் பிரிப்பான் சாட்டிலைட் வகையாக இருக்கணும், 2400 மெகாஹெர்ட்ஸ் வரை எழுதியிருக்கணும், இரண்டு வாயிலிலும் டையோடு வழியாக மின்சாரம் கடத்தணும். கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் பெரும்பாலும் 1000 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 11090-இல் எல்என்பி-யின் உள் அலைவெண் 9750-ஐக் கழித்தால் 1340, கேபிளில் உங்கள் சிக்னல் ஓடுவது அங்கேதான். அந்த ஸ்ப்ளிட்டரில் அது செத்துப்போகும்.

சேர்வராயன்_டிஷ்:

கார்டு பற்றி அண்ணன் சொல்லிட்டார். காசை கார்டில் கொட்டுறதைவிட மாடியில் கொட்டுங்க. கார்டு எதுவானாலும் மழையில் படம் நிக்குமா நிக்காதா என்பதை முடிவு பண்றது டிஷ்ஷும் எல்என்பி-யும்தான்.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15-லிருந்து, 93.5 டிகிரி கிழக்கு. சேலத்திலிருந்து கணக்குப் போட்டால் வடக்கிலிருந்து வலமாக 126 டிகிரி, அதாவது தென்கிழக்கு. உயரக்கோணம் 67 டிகிரிக்குச் சற்று மேல். ஏற்காட்டுக்கும் அதே கணக்குதான், வித்தியாசம் கையால் பிடிக்க முடியாத அளவு. காம்பஸை டிஷ் கம்பத்துக்குப் பக்கத்தில் வெச்சுப் பார்க்காதீங்க, இரும்பு இழுத்துடும். நாலைந்து அடி தள்ளி நின்னு திசையைக் குறிச்சுக்கிட்டு வாங்க.

67 டிகிரின்னா டிஷ் ஏறக்குறைய அண்ணாந்து பார்க்கணும்னு நினைச்சு தட்டை முழுசா மல்லாத்திடுவாங்க. நம்ம வீட்டு டிஷ் ஆஃப்செட் வகை, சுமார் 25 டிகிரி ஏற்கெனவே தட்டின் வளைவிலேயே இருக்கு. அதனால் தட்டு பின்பக்கமா சாய வேண்டியது 42 டிகிரி அளவுதான். பின்னால் கோண அளவு பொறிச்ச பட்டை இருந்தா அது இந்த ஆஃப்செட்டைக் கழிச்சே போட்டிருக்கும், அங்கே நேரா 67-ல வைக்கலாம்.

இவ்வளவு உயரத்தில் சாட்டிலைட் இருப்பது நமக்கு வரம். 10 அடிச் சுவர் முன்னால் இருந்தால் நாலரை அடி தள்ளி வெச்சாலே தாண்டிடும். கஷ்டம் சில்வர் ஓக் மரத்தில்தான். காப்பிக்கு நிழலுக்கு நிக்கிற 60 அடி மரம் தென்கிழக்கில் இருந்தா, தரையில் வைக்கிற டிஷ் மரத்திலிருந்து 25 அடி விலகணும். மரம் வருஷா வருஷம் வளரும், அதையும் சேர்த்துக்கோங்க. ஈர இலை காய்ந்த இலையைவிட அதிகமாகத் தின்னும், மழை விட்ட பிறகும் படம் வராததற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

அடுத்தது எல்என்பி-யைத் திருப்புறது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க. நம்ம இடத்துக்கும் 93.5-க்கும் தீர்க்கரேகை இடைவெளி 15 டிகிரிக்கு மேல், நாம இருப்பதோ பூமத்திய ரேகைக்குப் பக்கம். அதனால் திருப்ப வேண்டிய அளவு 52 டிகிரி. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்னு வானத்தைப் பார்த்தபடி எல்என்பி-யை இடஞ்சுழியாகத் திருப்புங்க. திருப்பாம நேரா விட்டா சிக்னலில் பாதிக்கு மேல் போயிடும், போதாக்குறைக்கு கிடை அலை சிக்னலும் உள்ளே கலக்கும். 52-ல ஆரம்பிச்சு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி குவாலிட்டி உச்சத்தில் இறுக்குங்க.

60 செ.மீ. தட்டு சேலம் ஊருக்குள்ள போதும். ஏற்காட்டு மழைக்கு 90 செ.மீ. போடுங்க. பனிமூட்டத்துக்குப் பயப்பட வேண்டாம், அது சிக்னலை ஒண்ணும் பண்ணாது. பனி பண்ற கெடுதல் வேற: கனெக்டருக்குள்ள தண்ணி இறங்கும். எல்என்பி-கிட்ட கேபிளை ஒரு சுத்து தொங்கவிட்டு மேலே ஏத்துங்க, சொட்டு அங்கேயே விழுந்துடும். எஃப் கனெக்டர் மேல தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப் சுத்துங்க. சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு வெயில் காலத்தில் உரிஞ்சுடும்.

30 மீட்டருக்கு ஆர்ஜி-6 கேபிள், நடுக்கம்பி செம்பு. 1400 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 100 மீட்டருக்கு 25 டெசிபல் அளவு இழப்பு, உங்களுக்கு ஏழெட்டு டெசிபல். எல்என்பி 50 டெசிபலுக்கு மேல் ஏத்தித் தருது, அதனால் நடுவில் பூஸ்டர் வேண்டவே வேண்டாம். கனெக்டர் போடும்போது பின்னல் கம்பி ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட், கார்டு எல்என்பி மின்சாரத்தை நிறுத்திடும். நடுக்கம்பி நட்டு விளிம்பிலிருந்து 2 மி.மீ. வெளியே தெரிஞ்சா சரி. எல்என்பி மேல 0.1 டெசிபல்னு ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பிக் கூடுதலாகக் கொடுக்காதீங்க.

சித்திரை, வைகாசியில் மலையில் இடி எப்படின்னு உங்களுக்கே தெரியும். கேபிள் வீட்டுக்குள் நுழையுற இடத்தில் எர்த் பிளாக் வெச்சு வீட்டு எர்த்தோடு சேருங்க. இடி கிட்ட வரும்னு தெரிஞ்சா முன்னாடியே கேபிளைக் கார்டிலிருந்து கழற்றிடுங்க, பவர் சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது.

நாகலூர்_காப்பி:

இருவருக்கும் நன்றி. தெரிந்தவரிடம் ஒரு யூஎஸ்பி ட்யூனர் வாங்கி, பழைய டிஷ்ஷைச் சொன்ன கோணத்தில் வைத்துப் பார்த்தேன். லெவல் 78 காட்டுகிறது, குவாலிட்டி 0. டிஷ்ஷைக் கையால் மறைத்தாலும் லெவல் 70-க்குக் குறையவில்லை.

ஐந்துரோடு_சிக்னல்:

லெவல் என்பது எல்என்பி-க்குக் கரண்ட் போகிறது, கேபிளில் ஏதோ சத்தம் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். அதைப் பார்த்து டிஷ் திருப்பினால் விடிய விடியத் திருப்பலாம். பார்க்க வேண்டியது குவாலிட்டி. டெசிபலில் காட்டும் மென்பொருள் என்றால் இன்னும் நல்லது. எஃப்இசி 3/4-க்கு ஏறக்குறைய 7 டெசிபலில் படம் கட்டம் கட்டமாக உடையும். வெயில் நாளில் 11, 12 கிடைக்கும் வரை விடாதீர்கள், அந்த நாலைந்து டெசிபல்தான் மழைக்கான கையிருப்பு.

இப்போது எல்என்பி-யின் அடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். எல்ஓ (முன்னால் சொன்ன உள் அலைவெண்) 9.75 மற்றும் 10.6 ஜிகாஹெர்ட்ஸ் என்று இருக்கணும். 10.6 மட்டும் என்றால் 11090 கேபிளில் 490-இல் வந்து விழும். ட்யூனர் தேடுவது 950-லிருந்து 2150 வரை, ஆகவே எந்தக் காலத்திலும் கிடைக்காது, எல்என்பி-யை மாற்றுங்கள். இரண்டும் இருந்தால் மென்பொருளில் யுனிவர்சல் என்று தேர்ந்தெடுத்து, 22 கிலோஹெர்ட்ஸை ஆட்டோவில் விட்டு, டைசெக் ஸ்விட்ச் (பல எல்என்பி-களை மாற்றிக் கொடுக்கும் கருவி) இல்லை என்று வையுங்கள். அப்புறமும் பூஜ்யம் என்றால் 11090 செங்குத்தைத் திறந்து வைத்துவிட்டு, டிஷ்ஷைக் கிடைவாட்டில் அரை அரை டிகிரியாக நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 3 நொடி நில்லுங்கள், ட்யூனர் சிக்னலைப் பிடிக்க நேரம் எடுக்கும். சரசரவென்று ஆட்டினால் உச்சத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

யூஎஸ்பி ட்யூனர் என்றால் அதன் 12 வோல்ட் அடாப்டர் செருகியிருக்கிறதா? யூஎஸ்பி கரண்ட் எல்என்பி-க்குப் போதாது.

பெட்டி_பென்குயின்:

மென்பொருள் பக்கம் நான் சேர்க்கிறேன். பார்க்க மட்டும் என்றால் விண்டோஸில் டிவிபிவியூவர், ப்ரோக்டிவிபி போதும். ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதிவுக்கென்றே ஒதுக்கும் பெட்டி என்றால் லினக்ஸும் டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருளும் போடுங்கள். பிரவுசரில் 9981 போர்ட்டில் திறக்கும், வீட்டு வைஃபையில் உள்ள போனிலும் பார்க்கலாம். இரட்டைக் கார்டில் இரண்டு அடாப்டரையும் (அதாவது இரண்டு ட்யூனரையும்) தனித்தனியாக டிக் செய்து அதே நெட்வொர்க்கை இரண்டுக்கும் கொடுக்கணும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இரண்டாவது ட்யூனர் வேலை செய்யவில்லை என்பார்கள்.

கார்டு வாங்கும் முன் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே (அதன் மையப் பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். டிபிஎஸ் கார்டுகள் பலவற்றுக்கு அவர்களுடைய டிரைவரைத் தனியாகக் கம்பைல் செய்யணும், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் திரும்பச் செய்யணும். தானாக அப்டேட் ஆகும் பெட்டியில் திடீரென்று ஒரு நாள் ட்யூனரே காணாமல் போகும். டிவிபிஸ்கை எஸ்960 யூஎஸ்பி-க்கு டிரைவர் கெர்னலிலேயே உண்டு, ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) ஃபைலை மட்டும் போட்டால் சரி. ஃபர்ம்வேர் இல்லாவிட்டால் சாதனம் தெரியும், எந்தச் சேனலையும் பிடிக்காது. ரீஸ்டார்ட் செய்தும் கார்டு முழிக்கவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து அரை நிமிஷம் விட்டுப் போடுங்கள், சூடான ரீஸ்டார்ட்டில் சிப்புக்குப் போகும் கரண்ட் நிற்பதில்லை.

வட்டு இடம்: நொடிக்கு 3 மெகாபிட் சேனல் மணிக்கு சுமார் 1.35 ஜிபி. முழு டிரான்ஸ்பாண்டரையும் அப்படியே பதிந்தால் மணிக்கு 18 ஜிபி. படத்தில் அசைவு வரும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் அது கார்டின் குற்றமில்லை. ஒளிபரப்பே வரிவிட்டு வரி வரும் வகை, விஎல்சி-யில் டீஇன்டர்லேஸை யாடிஃப் 2எக்ஸ் என்று வையுங்கள்.

நாகலூர்_காப்பி:

எல்என்பி-யைக் கழற்றிப் பார்த்தேன், 10.6 என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. நாளை கீழே இறங்கும்போது யுனிவர்சல் ஒன்று வாங்கிக்கொள்கிறேன். பதிய வேண்டிய சேனல்களையும் எழுதிப் பார்த்தேன், ஐந்தில் நான்கு ஒரே டிரான்ஸ்பாண்டர். ஒற்றை ட்யூனரே வாங்குகிறேன்.