எலி வளர்க்குற நாய் யாரு? கார்ட்டூன் விடுகதை எழுதத் தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

ஜெராக்ஸ்கடை:

வணக்கம். கோவில்பட்டியில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். மே மாசம் பள்ளிக்கூடம் லீவு, கடையில ஈ ஓட்டுறேன். பேப்பர் மிச்சம், நேரமும் மிச்சம். அந்தத் தெம்புல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு மொட்டைமாடியில தெருப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைக்கிறேன்னு வாயை விட்டுட்டேன். கார்ட்டூன் ஆளை நான் விடுகதையாப் போடணும், அவங்க யாருன்னு அவிழ்க்கணும். பரிசு என்னன்னு கேக்கவே வேண்டாம், கோவில்பட்டியில வேற என்ன குடுப்போம்? கடலைமிட்டாய்தான்.

முப்பது சீட்டு எழுதினேன். போன வாரம் ஒத்திகையா மூணே மூணு சீட்டைப் போட்டுப் பார்த்தேன். மானம் போச்சு.

முதல் சீட்டு: "உடம்பு மஞ்சள், கன்னம் சிவப்பு, வால் மின்னல் மாதிரி, வால் நுனி கறுப்பு." பாதியிலேயே பிகாச்சுன்னு எட்டுப் பேரு கத்திட்டாங்க. மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன் மட்டும் கத்தலை. எந்திரிச்சு வீட்டுக்குப் போனான், ஒரு அட்டையை எடுத்துட்டு வந்தான், என் மூக்குக்கு நேரா நீட்டினான். "மாமா, வால் நுனி கறுப்பு இல்ல. காது நுனிதான் கறுப்பு. வால் அடியில பழுப்பு." பார்த்தா அவன் சொல்றதுதான் சரி. கறுப்புன்னு நான் கற்பூரம் அடிச்சே சத்தியம் பண்ணியிருப்பேன்.

ரெண்டாவது: "நாள் பூரா துரத்துவான், ஒருநாளும் தின்னதில்லை." நான் நினைச்சது டாம். பிள்ளைங்க டாம்னாங்க, கரப்பான்பூச்சியைத் துரத்துற பூனை 'ஆகி'ன்னாங்க, ஒருத்தி ரோடு ரன்னரைத் துரத்துற ஓநாய்ன்னா, இன்னொருத்தன் ட்வீட்டி பின்னாடி அலையிற கறுப்புப் பூனைன்னான். எதைத் தப்புன்னு சொல்ல? நாலு பேருக்கும் மிட்டாய் போச்சு.

மூணாவது: "சாப்பாட்டுப் பிரியன், பலசாலி, ராஜாவுக்கு ஒண்ணுன்னா ஓடிவருவான்." சோட்டா பீம்தான். ஆனா துணி எடுக்க மாடிக்கு வந்த கீழ்வீட்டு ஆச்சி முந்திக்கிட்டாங்க: "பீமசேனன். விராட ராசா அரமனைல சமையக்காரனா இருந்தாம்லா." பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஆச்சி சொன்னதுல என்ன தப்பு?

ராத்திரி மிச்ச சீட்டை எடுத்து வாசிச்சேன். ஒண்ணுகூட விடுகதை இல்லை. எல்லாம் கடையில நகல் எடுக்க வர்ற 'காணவில்லை' நோட்டீஸ் மாதிரியே இருக்கு. நிறம் மாநிறம், உயரம் அஞ்சடி, காணாமப் போனப்ப நீல டவுசர் போட்டிருந்தான்.

எனக்கு 43 வயசு. நான் பார்த்ததெல்லாம் தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை காலையில வந்த மோக்லி, அதுவும் இந்தியில, ஒரு வார்த்தை புரியாம. இப்ப ஓடுற கார்ட்டூன்ல பாதி எனக்குப் பழக்கமில்லை. ஒரே விடைதான் வரணும், ஆனா சட்டுன்னும் வந்துறக் கூடாது. எப்படி எழுதறது?

ஊசிக்கணவாய்:

அண்ணே, தூத்துக்குடியில இருந்து. இந்தாங்க ஒண்ணு:

பாத்திரம் தேய்க்க வேண்டியவன்
அடுப்படியில நின்னு பலகாரம் சுடுறான்.
கடலுக்கடியில வீடு, வீட்டுக்கு மேல கொண்டை.

ஸ்பாஞ்ச்பாப். வீடு அன்னாசிப்பழம், அதான் கொண்டை. மஞ்சள், சதுரம்னு ஒரு வார்த்தை வரலை பாருங்க.

அவன் பக்கத்து வீட்டுக்காரன் மேல எனக்கு ஒரு தனிக் கடுப்பு உண்டு. ஸ்குவிட்வர்ட்னு பேரு வச்சிருக்காங்க. ஸ்குவிட்னா எங்க பக்கம் ஊசிக்கணவாய். ஆனா அவனை உருவாக்குன ஸ்டீபன் ஹில்லன்பர்க் ஆக்டோபஸ்னுதான் வரைஞ்சாரு, அதாவது பேய்க்கணவாய். அதுக்கு எட்டு இருக்கணும், இவனுக்கு கையும் காலும் சேர்த்து ஆறுதான். ஹில்லன்பர்க் கார்ட்டூனுக்கு வர்றதுக்கு முன்னாடி கடல் உயிரியல் பாடம் எடுத்த வாத்தியாரு, தெரியாம வரையலை. எட்டு வரைஞ்சா உருவம் ரொம்பக் கனத்துரும்னு ரெண்டைக் குறைச்சுட்டாரு. இதையே விடுகதை ஆக்கலாம்: "பேரு ஊசிக்கணவாய், ஊரு பேய்க்கணவாய், ரெண்டு காலை வரைஞ்சவன் வச்சுக்கிட்டான்." என்ன, இதை அவிழ்க்க எங்க ஊர்க்காரனாலதான் முடியும்.

பழையவாத்தியார்:

தம்பி, நீங்கள் சொன்ன 'காணவில்லை' நோட்டீசுக்குள்ளேயே விடை இருக்கிறது. முப்பது வருடம் தமிழ்ப்பாடம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியச் செய்யுளியலில் விடுகதைக்குப் 'பிசி' என்று பெயர். அதற்கு உரையில் ஒரு எடுத்துக்காட்டு வரும்: "பிறை கவ்வி மலை நடக்கும்." விடை யானை. எண்ணிப் பாருங்கள், நாலே சொல். கறுப்பு என்று இல்லை, நான்கு கால் என்று இல்லை, தும்பிக்கைகூட இல்லை. தந்தம் பிறையாகிவிட்டது, உடம்பு மலையாகிவிட்டது, அந்த மலை நடக்கிறது. மலை நடக்காது என்று மனம் அடம்பிடிக்கும். அந்த அடம்தான் விடுகதை.

எனக்குக் கார்ட்டூன் அதிகம் தெரியாது. பேரன் தயவில் அந்தக் கப்பல்காரனை மட்டும் தெரியும். முயன்று பார்த்தேன்:

கப்பல்காரன், கப்பலைக் காணோம்;
கண் இரண்டு, திறந்தது ஒன்று;
கீரைக்காரி தெருவில் வந்தால்
ஊரே ஒளியும், இவன் ஓடி வருவான்.

இரண்டுவாலுக்குஅம்மா:

சார், பாப்பாய் விடுகதை அருமை. ஒரு சின்ன விஷயம் மட்டும். டப்பாவைப் பிதுக்கி அவரு முழுங்குறது நம்ம கொடிப்பசலை இல்லை, அது வேற செடி. எங்க வீட்டுல பெரியவன் பசலைக்கொடியைப் பறிச்சுத் தின்னுட்டு சைக்கிளைத் தூக்கப் பார்த்தான். அப்புறம் ரெண்டு நாள் வயிறு சரியில்லை. நீங்க வெறுமனே 'கீரை'ன்னு விட்டது நல்லதாப் போச்சு.

ஜெராக்ஸ் அண்ணா, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். நிறம், உருவம் எல்லாம் கூடவே கூடாதுன்னு வச்சா அஞ்சு வயசுக் குழந்தைங்க பாவம், பெரியவனுங்க மட்டும் மிட்டாயை அள்ளிட்டுப் போயிடுவானுங்க. ஒரு விடுகதையை மூணு வரியா உடைங்க. முதல் வரி கஷ்டமானது, அதுல சொன்னா மூணு மிட்டாய். ரெண்டாவது வரியில சொன்னா ரெண்டு. கடைசி வரி காணவில்லை நோட்டீஸ், அதுக்கு ஒண்ணு. கடைசி வரிக்கு பத்து வயசுக்கு மேல உள்ளவங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுருங்க. போன வருஷம் சின்னவ பிறந்தநாளுக்கு இப்படித்தான் செஞ்சேன். ஒரே ஒரு அழுகை, அதுவும் பலூனுக்காக.

நைட்ஷிப்ட்:

ஜெராக்ஸ் அண்ணா, 2007ல சுட்டி டிவி வந்தப்ப நான் மூணாங்கிளாஸ். அதனால இந்த ஏரியா நம்முது.

வாத்தியார் ஐயா சொன்ன அடம் எல்லா நல்ல கார்ட்டூன் ஆளுக்குள்ளயும் ஏற்கெனவே இருக்கு. நாம புதுசாக் கட்ட வேண்டியதில்லை, தேடி எடுத்தாப் போதும். டோரேமானை எடுங்க. பூனை, ஆனா எலின்னா அலறும். ஏன்னா அதோட காதைத் தின்னதே ஒரு எலி, எந்திர எலி. பிறந்த தேதி 2112 செப்டம்பர் 3. நல்லா பாருங்க வருஷத்தை! அப்ப இப்படி:

பொறக்க இன்னும் எம்பது வருசத்துக்கு மேல,
தினமும் வீட்டுக்கு வந்து போகுது;
காதைத் தின்ன எலிக்குப் பயந்த பூனை,
வயித்துல பை இருக்கு, கங்காருவும் இல்ல.

அக்கா சொன்ன மாதிரி உடைச்சா முதல் வரிக்கு மூணு மிட்டாய் தாராளமாக் குடுக்கலாம். முக்கியமா இதுல ஆகி வந்து நுழைய முடியாது. அதுவும் நீலப் பூனைதான், நீங்க 'நீலப் பூனை'ன்னு எழுதியிருந்தா மறுபடி சண்டைதான்.

டோரா: "முதுகுப்பையில வரைபடம், வாயில 'எந்த வழி?' மலை கண்ணு முன்னாடி நிக்கும், மலை எங்கன்னு நம்மளைக் கேப்பா." இதை இப்பத்திய பிள்ளைங்களை விட காலேஜ் பசங்க வேகமாச் சொல்லுவாங்க. புஜ்ஜியைப் பத்தி ஒண்ணு தனியா வைங்க, ஷூ போட்ட குரங்கு, மத்தபடி உடம்புல ஒரு துணி கிடையாது.

ரோடு ரன்னருக்கு: "குயிலுக்குச் சொந்தக்காரன், கூவ மாட்டான், றெக்கை உண்டு, ஓடித்தான் போவான்." அது அமெரிக்கப் பாலைவனத்துல நிஜமாவே இருக்குற பறவை, குயில் குடும்பம்தான். அந்த ஓநாய்னு அந்தப் பாப்பா சொன்னது கயோட்டி. 1949ல இருந்து துரத்துது, பாவம்.

கடைசியா என் செல்லம்:

எலி வளர்க்குற நாய் யாரு?
அந்த எலியோட கூட்டாளியும் நாய்தான்,
அவனுக்கு மட்டும் பேண்ட்டு, தொப்பி, பேச்சு எல்லாம் உண்டு.

புளூட்டோ. எசமான் மிக்கி. பேண்ட் போட்டவன் கூஃபி. ஒரே ஊர்ல ஒரு நாய் கழுத்துல பட்டையோட சுத்துது, இன்னொரு நாய் காரு ஓட்டுது. சின்ன வயசுல இதை நினைச்சு தூக்கமே வரலை எனக்கு.

ஜெராக்ஸ்கடை:

எல்லாருக்கும் பெரிய கும்பிடு. முப்பது சீட்டையும் கிழிச்சுட்டேன். புதுசா பதினாலு. நானா யோசிச்சு ஒண்ணு எழுதினேன், டாமுக்கு: "ஏழு ஆஸ்கார் வாங்கின வீட்டுல இருக்கான், எலிகிட்ட தினம் அடி வாங்குறான்." அந்தக் கார்ட்டூனுக்கு ஏழு ஆஸ்கார்ங்கிறது உண்மைதான், ஆனா எந்தப் பிள்ளை ஆஸ்காரைக் கண்டுச்சு? வீட்டுக்காரி வாசிச்சுட்டு, "இது உங்களை மாதிரி பெருசுங்களுக்குத்தான்"னுட்டா. எடுத்துட்டேன்.

ஞாயிறு ராத்திரி வந்து என்ன ஆச்சுன்னு எழுதுறேன்.

ஜெராக்ஸ்கடை:

முடிஞ்சது. பதினேழு பிள்ளைங்க, ஒரு ஆச்சி. காத்துல சீட்டு பறக்காம இருக்க மிட்டாய்ப் பாக்கெட்டையே மேல வச்சேன், அது தப்பு, பாக்கெட் குறையக் குறைய சீட்டு பறந்துடுச்சு.

புளூட்டோ அதிரடி. "எலி வளர்க்குற நாய்"னதும் மாடியே அமைதி. ஒருத்தன், "மாமா, நாய்தானே எலியை வளக்கும்?"னு கேட்டான். இல்லடா, எலிதான் நாயை வளக்குதுன்னதும் அவனுக்கு முகமே மாறிப்போச்சு. நைட்ஷிப்ட் தம்பி, "வளர்க்குற"ங்கிற சொல்லே ரெண்டு பக்கமும் வெட்டுது, கவனிச்சீங்களா? டோரேமானை பிகாச்சு அட்டைக்காரன் முதல் வரியிலேயே சொல்லி மூணு மிட்டாயை வாங்கிட்டான். அவன்கிட்ட இனி பேச்சே குடுக்கக் கூடாது.

ஸ்பாஞ்ச்பாப்புக்கு, "பாத்திரம் தேய்க்க வேண்டியவன் அடுப்படியில நின்னு பலகாரம் சுடுறான்"னு முதல் வரியைச் சொன்னேன். ஆச்சி கையைத் தூக்கிட்டாங்க. "எம் மூத்தவன்லா! மெட்ராசு ஓட்டல்ல பாத்திரம் களுவத்தான் போனான், இப்ப அவன்தான் மாஸ்டரு." மூணு மிட்டாய் குடுத்தேன். பிள்ளைங்க ஒருத்தரும் ஆட்சேபிக்கலை.

கடைசியில ஒரு வாண்டு. அஞ்சு வயசு. சாயங்காலம் பூரா ஒரு பதிலும் சொல்லாம தண்ணித்தொட்டி மேல சாஞ்சு நின்னவன், எல்லாரும் கிளம்பும்போது, "நான் ஒண்ணு போடுதேன்"னான். போடுறான்: "மூஞ்சில ஒரே பக்கம் ரெண்டு கண்ணு. இன்னொரு பக்கம் கண்ணே இல்ல." பதினாறு பேருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. கேட்டா சொல்ல மாட்டேங்கிறான், நாளைக்குச் சொல்றேன்னு மிச்சம் இருந்த மிட்டாயை வாங்கிட்டுப் போயிட்டான். யாருக்காவது தெரியுமா?

ஊசிக்கணவாய்:

இதென்ன பெரிய விஷயம், நாக்கு மீன்! ரெண்டு கண்ணும் ஒரே பக்கம். மணல்ல படுத்தே கிடக்கும்.

ஜெராக்ஸ்கடை:

தம்பி, கார்ட்டூன்ல கேக்குறேன், மார்க்கெட்ல இல்லை.

இரண்டுவாலுக்குஅம்மா:

பெப்பா பன்னி! எப்பப் பார்த்தாலும் பக்கவாட்டுலதான் நிக்கும், ஆனா ரெண்டு கண்ணும் நம்ம பக்கமே இருக்கும். எங்க வீட்டுல ரெண்டு வருஷமா காலையும் மாலையும் ஓடுது, இப்ப சின்னவ டம்ளரைப் பிடுங்கி அதுல இருக்குற படத்தைப் பார்த்துட்டுத்தான் எழுதுறேன். டம்ளரைக் குடுன்னு அழுதுட்டு இருக்கா, வரேன்.